'பரா' யாருடைய சொல்? ஜப்பானிய கே மங்காவின் பெயர் பற்றி ஒரு கேள்வி

நெய்தல்

வணக்கம் நண்பர்களே. கெங்கொரோ தகமே வரைந்த 'ஒதோதோ நோ ஒத்தோ' என்ற மங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையைப் பற்றி ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்தேன். 'தம்பியின் கணவர்' என்று தமிழில் சொல்லலாம். நேற்று மெய்ப்பு வந்தது. தலைப்புக்கு அடியில், நான் எழுதாத ஒரு வரி தடித்த எழுத்தில் இருக்கிறது: "ஜப்பானின் பரா காமிக்ஸ் உலகிலிருந்து ஒரு குடும்பக் கதை." ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கே, அதாவது ஆண்களைக் காதலிக்கும் ஆண்களைப் பற்றிய ஜப்பானிய காமிக்ஸுக்கு அதுதானே பெயர்? இணையம் முழுக்க அப்படித்தான் இருக்கிறது" என்றார். நல்லெண்ணத்தில்தான் சேர்த்திருக்கிறார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. பரா என்றால் ரோஜா என்பது தெரியும். ஆனால் தகமே அந்தப் பெயரை விரும்புவதில்லை என்று முன்பு படித்தது உறுத்திக்கொண்டே இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தம் அனுப்பவேண்டும். வரியை எடுக்கச் சொல்லவா, விடவா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, முதலில் யாரைக் குறித்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளிவீதி

இருக்கட்டும் நெய்தல், எடுக்காதீர்கள்.

துணைத்தலைப்பு வாசகனுக்கு வழி காட்டவேண்டும். 'யாஒய்' என்று தேடினால் பெரும்பாலும் பெண்கள் பெண்களுக்காக வரைந்த, மெலிந்த அழகு இளைஞர்களின் காதல் கதைகள் வரும். 'பரா' என்று தேடினால் அகன்ற தோளும் தாடியும் தொந்தியும் மயிரடர்ந்த மார்பும் உள்ள ஆண்கள் வருவார்கள். வரைந்தவர்களும் பெரும்பாலும் கே ஆண்களாக இருப்பார்கள். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் பிரித்துக் காட்ட வெளிநாட்டு வாசகனிடம் இருப்பது இந்தப் பெயர்தான்.

என் கதையையும் சொல்கிறேன். எனக்கு இருபது வயதில், திரையிலும் பத்திரிகையிலும் என்னைப் போன்ற ஆண் என்று காட்டப்பட்டவன் எப்போதும் ஒல்லியாக, நளினமாக, கேலிக்கு உரியவனாக இருந்தான். நான் அப்படி இல்லை. என் ஊர் லாரி பட்டறையில் வேலை பார்க்கும் ஆளைப் போல இருப்பேன். எனக்குப் பிடித்தவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான். அப்படி இரண்டு பேர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கும் ஒரு படத்தை முதன்முதலாக இணையத்தில் பார்த்தபோது அதன் அடியில் இருந்த சொல் 'பரா'. அந்த இரண்டெழுத்து எனக்கு வீட்டு வாசல் மாதிரி. அதைத் தவறு என்று சொல்ல வருபவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

தும்பை

எடுக்கச் சொல்லுங்கள் நெய்தல், தயங்கவேண்டாம்.

பதினோரு ஆண்டுகளாகத் தோக்கியோவில் இருக்கிறேன். நான் ஏறி இறங்கிய புத்தகக் கடைகள் எதிலும் 'பரா' என்று பலகை மாட்டிய அலமாரியைப் பார்த்ததில்லை. வரைபவர்களும் வாசிப்பவர்களும் 'கெய் மங்கா' என்பார்கள், சுருக்கமாக 'கெய் கொமி' என்பார்கள். 'கெய்' என்பது கே, 'கொமி' என்பது காமிக்ஸ். பரா என்று சொன்னால் இளையவர்களுக்குப் பூ நினைவுக்கு வரும். அறுபதைத் தாண்டிய ஒருவரிடம் சொன்னால் ஒரு பழைய பத்திரிகை நினைவுக்கு வரும், கூடவே ஒரு முகச்சுளிப்பும் வரும். ஒருவரைப் பார்த்து 'இவன் அந்த ரோஜா ஆள்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்த காலம் அவர்களுக்கு மறக்கவில்லை.

வெள்ளிவீதி, உங்கள் வாசலை நான் அடைக்க வரவில்லை. ஆனால் நெய்தல் எழுதியிருப்பது ஒரு படைப்பாளியைப் பற்றிய கட்டுரை. அவர் தன் வேலையை என்ன பெயரால் அழைக்கிறாரோ அந்தப் பெயரால் அழைப்பதுதான் மரியாதை.

பழைய தாள்

அந்தப் பழைய பத்திரிகையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. அதன் பெயர் 'பராசொகு'. 'சொகு' என்றால் குலம், கூட்டம். ஜப்பானில் 1950களில் கடற்கரையில் திரிந்த வசதியான இளைஞர்களைச் 'சூரியக் குலம்' என்றார்கள். பிறகு சாலையில் சீறிப் பாயும் மோட்டார்சைக்கிள் கும்பலுக்கும் ஒரு 'சொகு' பெயர் வந்தது. பத்திரிகைகள் புதுவகை மனிதர்களைக் கண்டால் ஒட்டிவிடும் வால் அது. அந்த வரிசையில் வந்ததுதான் 'ரோஜாக் குலம்'.

1971இல் இதழ் தொடங்கியது. அதற்கு முன்பும் இருந்தன. 1952இல் தொடங்கிய 'அதோனிஸ்' உறுப்பினர்களுக்குள் மட்டும் சுற்றிய இதழ். 1960இல் வந்த 'ஃபூசொகு கிதான்' பலவகை விசித்திர விருப்பங்களுக்கும் நடுவே ஆண்-ஆண் கதைகளுக்கும் படங்களுக்கும் இடம் கொடுத்தது. ஆனால் கே ஆண்களுக்கு என்றே, நாடு முழுக்கக் கடைகளில் விற்ற முதல் வணிக இதழ் பராசொகுதான். 2004இல் நின்றது. பிறகு ஓரிரு முறை உயிர்பிடித்து மறுபடியும் ஓய்ந்தது.

பெயர் வைத்தவர் ஆசிரியர் இட்டோ புங்காகு. தந்தையின் சிறிய பதிப்பகத்தை நடத்தி வந்தவர், பெண்ணை மணந்தவர், கே அல்லாதவர். கிரேக்கப் புராணத்தில் லாயஸ் மன்னன் ரோஜா மரத்தடியில் இளைஞர்களோடு காதல் செய்தான், அதிலிருந்து எடுத்தேன் என்பது அவர் தந்த விளக்கம்.

தோக்கியோவின் ஜிம்போச்சோவில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒருமுறை 1970களின் பிரதி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டு நாடாவால் மூடியிருந்தார்கள். கடைக்காரர் பிரித்துக் காட்டினார். முன்பக்கக் கதைகளைவிடப் பின்பக்கம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. மாகாணம், வயது, உயரம், எடை, இரண்டு வரியில் ஏக்கம் என்று பொடி எழுத்தில் பக்கம் பக்கமாகக் கடிதத் தொடர்பு விளம்பரங்கள். யாரோ ஒருவர் ஒரு வரியின் அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். மிக மெல்லிய கோடு, அழிக்கத் தயாராக. அந்தப் பக்கத்துக்காகவே அந்த இதழை வாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

தும்பை

நன்றி ஐயா, நான் சொல்ல நினைத்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கே அல்லாத ஒருவர் வைத்த பெயர். பத்திரிகை உலகம் வேடிக்கைப் பொருளுக்கு ஒட்டும் வால். இரண்டும் சேர்ந்ததுதான் 'பராசொகு'. அதன் பாதியை வெட்டி எடுத்து உலகம் ஒரு கலைக்கு வைத்திருக்கிறது.

அந்த லாயஸ் கதையையும் முழுதாகச் சொல்லவேண்டும். கிரேக்கக் கதையில் லாயஸ், பெலொப்ஸின் மகன் கிரிசிப்பஸைக் கடத்திக்கொண்டு போகிறான். அந்தப் பாவத்துக்கான சாபம் அவன் வீட்டின் மேல் விழுகிறது, மகன் ஈடிபஸ் வரை தொடர்கிறது. காதலுக்குப் பெயர் தேடப் போனவர் கடத்தல் கதையிலா போய் நிற்பது?

பழைய தாள்

தம்பி தும்பை, கொஞ்சம் பொறுங்கள். என் வார்த்தையைப் பாதியில் பிடித்துக்கொண்டு ஓடுகிறீர்கள்.

இட்டோ கே அல்லாதவர், உண்மை. ஆனால் அந்த இதழ் அவர் ஒருவர் உழைப்பில் வந்ததில்லை. ஃபுஜிதா ரியூ, மாமியா ஹிரோஷி என்று ஆசிரியர் குழுவில் இருந்தவர்கள் கே ஆண்கள். அட்டைப்படங்கள் வரைந்த ருனே நைதோவும் அப்படியே. 'வெளியாள் சூட்டிய பெயர்' என்று ஒரே வரியில் முடித்தால் அவர்களுடைய உழைப்பு காணாமல் போகும்.

லாயஸ் கதை இட்டோ சொன்ன காரணம், அவ்வளவே. ரோஜா அதற்கு முன்பே அந்தக் காற்றில் இருந்தது. எழுத்தாளர் யுகியோ மிஷிமாவின் வெற்றுடலை எய்கோ ஹொசோயே எடுத்த புகைப்படங்கள் 1963இல் 'பராகெய்' என்ற பெயரில் நூலாக வந்தன. 'ரோஜாத் தண்டனை' என்று பொருள். 1969இல் தோஷியோ மட்சுமோட்டோ, தோக்கியோவின் கே பார்களை வைத்து எடுத்த படத்தின் பெயரிலும் ரோஜா இருக்கிறது. ரோஜாவையும் ஆண்-ஆண் காதலையும் சேர்த்து நினைக்க 1971இல் ஒரு ஜப்பானிய வாசகனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சொல்லின் வேரையும் பாருங்கள். 'பரா' பழைய 'இபரா', 'உபரா' என்பதன் குறுகிய வடிவம். அதற்கு முட்புதர் என்று பொருள். முதலில் முள், பிறகுதான் பூ. இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

செங்கால்நாரை

இடையில் ஒரு வேண்டுகோள். எது முடிவானாலும் 'பாரா' என்று மட்டும் அச்சிட்டுவிட வேண்டாம். பல இடங்களில் அப்படிப் பார்க்கிறேன். நமக்குப் பாரா என்றால் காவல், அல்லது பத்தி. ஜப்பானியத்தில் அந்தச் சொல்லில் இருக்கும் இரண்டு உயிரும் குறில். கண்டிப்பாகப் பார்த்தால் 'பர' என்றுதான் எழுதவேண்டும். ஆனால் அப்படி எழுதினால் 'பர நாடு', 'பர சமயம்' என்று வேறு பொருளுக்குப் போய்விடும். 'பரா' சமரசம்தான், ஆனாலும் முதல் எழுத்தையாவது குறிலாக வைக்கிறது. உச்சரிக்கும்போது 'பஸ்' என்பதில் வரும் ப.

வெள்ளிவீதி

தும்பை, வெளியாள் சூட்டிய பெயர் என்பதால் கூடாது என்கிறீர்கள். அப்படியானால் 'யூரி' என்ற சொல்லை என்ன செய்வீர்கள்?

பெண்கள் பெண்களைக் காதலிக்கும் மங்காவுக்கு இன்று ஜப்பானிலேயே யூரி என்றுதான் பெயர். யூரி என்றால் அல்லி. அந்தச் சொல்லைத் தந்தவரும் இதே இட்டோ புங்காகுதான். 1976இல் பராசொகு இதழில் பெண் வாசகர்களின் கடிதங்களுக்கு 'யூரிசொகுவின் அறை' என்று ஒரு பகுதி திறந்தார். அல்லிக் குலத்தாரின் அறை. ஆண்களுக்கு ரோஜா, பெண்களுக்கு அல்லி. 2005இலிருந்து 'காமிக் யூரி ஹிமே' என்ற பெயரிலேயே ஓர் இதழ் வந்துகொண்டிருக்கிறது. அட்டையில் அந்தச் சொல்லைப் போட்டு விற்கிறார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. ஒரே மனிதர், ஒரே இதழ், ஒரே வகைப் பெயர். அல்லிக்கு ஒரு நியாயம், ரோஜாவுக்கு ஒரு நியாயமா?

'கெய்' மட்டும் எங்கிருந்து வந்தது? அது அமெரிக்காவிலிருந்து வந்த சொல். போருக்குப் பிறகு கப்பல் ஏறி வந்தது. ஜப்பானில் இந்தக் காதலுக்குப் பழைய பெயர் 'நன்ஷொகு'. இஹாரா சாய்காகு 1687இலேயே அந்தப் பெயரில் நாற்பது கதைகள் எழுதி வைத்தார். சொந்தச் சொல்தான் வேண்டும் என்றால் அதையல்லவா எடுக்கவேண்டும்?

தும்பை

நல்ல கேள்வி. நேற்று இரவு முழுக்க இதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொல் எங்கே பிறந்தது என்பதை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழில் பூவையும் சூட்டுகிறோம், பெயரையும் சூட்டுகிறோம். ஒருவர் தானே எடுத்துத் தலையில் சூடிக்கொள்வது ஒன்று, கேட்காமல் பிறர் சூட்டிவிடுவது இன்னொன்று. யூரி என்ற சொல்லை மங்கா வரைந்தவர்களும் வாசித்தவர்களும் பதிப்பாளர்களும் எடுத்துச் சூடிக்கொண்டார்கள். 'கெய்' என்ற சொல்லையும் அந்த ஆண்கள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். ரோஜாவை அவர்கள் கீழே வைத்துவிட்டார்கள். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கில இணையப் பலகைகளில் படங்களைப் பகிர்ந்தவர்கள் அதைப் பொறுக்கி எடுத்துத் திரும்ப அவர்கள் தலையிலேயே வைத்தார்கள். அந்தப் படங்களை வரைந்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொன்று. நீங்கள் சொன்ன அகன்ற தோள், தாடி, தொந்தி: அது பராசொகுவின் முகமே இல்லை. அந்த இதழ் பெரிதும் அழகிய இளைஞர்களின் பக்கம் சாய்ந்தது. முரட்டு உடல்களை வரைந்த கோ மிஷிமாவுக்கு அது ஒத்துவரவில்லை. அங்கிருந்து விலகி 1974இல் 'சபு' இதழ் தொடங்கக் காரணமாக இருந்தவர் அவர். தொழிலாளி உடல், கோவணம், பச்சை குத்திய முதுகு, வியர்வை எல்லாம் சபுவின் உலகம். அது 2002 வரை வந்தது. தகமே அந்தப் பெயரோடு வரையத் தொடங்கியது 1980களில் அதே சபுவில். பிறகு 1995இல் 'ஜி-மென்' இதழைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அது பருத்த, தாடி வைத்த ஆண்களைக் கொண்டாடிய இதழ். 2016இல் நின்றது.

இந்தப் பரம்பரை ரோஜாவிடம் முரண்பட்டு வெளியே வந்த பரம்பரை. அதன் தலையில் ரோஜாவைச் சூட்டுவது எனக்கு நெஞ்சைக் குத்துகிறது. வீட்டைவிட்டுக் கோபித்துக்கொண்டு போன பிள்ளையை ஊர் கடைசிவரை அப்பன் பெயர் சொல்லியே கூப்பிடுவது போல.

வெள்ளிவீதி

சபு பற்றிய இந்தச் செய்தி எனக்குத் தெரியாது. படித்ததும் கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தேன். நன்றி.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இன்று சில ஜப்பானியக் கலைஞர்களே இணையத்தில் தங்கள் படங்களுக்கு அடியில் வெளிநாட்டு வாசகர்களுக்காக 'பரா' என்று குறிச்சொல் போடுகிறார்கள். அவர்களும் சூடிக்கொண்டவர்கள்தானே? தகமேயின் கருத்தும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. முன்பு அது கெட்ட வாடை சுமந்த சொல் என்றார். பிறகு, தசையும் பருமனும் மயிரும் உள்ள ஆண்களை வரையும் இந்த வகைக் கலையைப் பற்றிப் பேச அது வசதியான சொல்தான் என்று ஒப்புக்கொண்டார். கே படைப்பாளிகளை அந்தச் சொல்லால் அழைப்பதில்தான் தமக்கு மறுப்பு என்றார். அவரே அவ்வளவு இடம் விட்டிருக்கும்போது நாம் ஏன் அவரைவிடக் கடுமையாக இருக்கவேண்டும்?

தும்பை

அவர் விட்ட இடத்தை நானும் ஏற்கிறேன். படத்துக்கு அடியில் குறிச்சொல்லாக இருக்கட்டும், எனக்கு வழக்கு இல்லை. ஒரு மனிதருடைய முப்பது ஆண்டு உழைப்புக்கு மேல் அதைப் பெயர்ப்பலகையாக அடிப்பதைத்தான் மறுக்கிறேன். 2014இல் அமெரிக்காவில் 'மாசிவ்' என்ற தொகுப்பு வந்தது. தகமே, ஜிராயா முதலியவர்களின் படைப்புகளும் நேர்காணல்களும் சேர்ந்த நூல். ஆங்கில வாசகனுக்கு நன்கு பழகிய சொல் பரா. இருந்தும் துணைத்தலைப்பில் அதைப் போடவில்லை, கே மங்கா என்றுதான் போட்டார்கள். கலைஞர்களோடு உட்கார்ந்து பேசியவர்களுக்கு எந்தச் சொல் சரி என்று தெரிந்திருந்தது.

அவருடைய புனைபெயரையே பாருங்கள். ஜப்பானியத்தில் 'கெங்கொரோ' ஒரு நீர்வண்டு. 'தகமே' வயல்தண்ணீரில் வாழும் ஒரு பெரிய நீர்ப்பூச்சி. பெயர் தேடிக்கொள்ளும் நேரம் வந்தபோது அவர் சேற்றுத் தண்ணீரில் கைவிட்டு எடுத்த பெயர்கள் இவை.

கரிசல்மண்

நான் புதியவன். ஒரு சந்தேகம். யாஒய் எழுதும் பெண்கள் கே ஆண்களைப் பற்றி எழுதலாமா என்று ஜப்பானில் ஒரு பெரிய சண்டை நடந்ததாகக் கேள்விப்பட்டேன். இந்தச் சொல்லுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

பழைய தாள்

நேரடியாக இல்லை. சண்டை நடந்தது உண்மை. 1992இல் சாதோ மசாகி என்ற கே செயல்பாட்டாளர் 'ஷுவாசிர்' என்ற சிறிய பெண்ணிய இதழில், உங்கள் கனவுக்கு எங்கள் வாழ்க்கையைப் பயன்படுத்துகிறீர்கள் என்று யாஒய் வாசகிகளைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். பெண்கள் பதில் எழுதினார்கள். அது சில ஆண்டுகள் நீண்டது. யாஒய் என்ற பெயர் வந்த வழியும் கேட்கத் தக்கது. உச்சம் இல்லை, முடிச்சு இல்லை, பொருள் இல்லை என்று பொருள்படும் மூன்று ஜப்பானியத் தொடர்களின் தலையெழுத்துகள் அவை. 1970களின் இறுதியில் அந்தப் பெண்களே தங்கள் கதைகளுக்கு வைத்துக்கொண்ட பெயர். அதாவது, தும்பை சொல்லும் 'சூடிக்கொண்ட பெயர்'.

இரண்டு உலகத்துக்கும் இடையே சுவர் இருந்தது என்று மட்டும் நினைக்கவேண்டாம். தகமேயின் முதல் படைப்பு 1982இல் வெளிவந்தது 'ஜூனே' என்ற பெண் வாசகர் இதழில்தான், வேறு புனைபெயரில்.

மட்டுறுத்துநர்

இந்த இழையில் ஒரு பதிலை நீக்கியிருக்கிறேன். சொல்லைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள். ஒருவருடைய காதலை நோய் என்று எழுதுவதற்கு இங்கே இடமில்லை.

வெள்ளிவீதி

நன்றி, மட்டுறுத்துநரே.

செங்கால்நாரை

நாமும் இதே பாதையில் நடந்தவர்கள்தான். நம் ஊரில் வசையாகப் புழங்கிய சொற்களை ஒதுக்கிவிட்டுத் 'திருநங்கை' என்ற சொல்லை நிலைநாட்ட எத்தனை பேர் எத்தனை காலம் பேசவேண்டியிருந்தது! இன்று செய்தித்தாளில் பழைய சொல் வந்தால் நமக்குக் கூசுகிறது. ஒரு ஜப்பானிய முதியவருக்குப் 'பரா' கேட்டால் அப்படிக் கூசும் என்றால், தெரிந்தபிறகும் நாம் அதையே அச்சிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வெள்ளிவீதி

அந்த ஒப்பீடு முழுக்கப் பொருந்தாது அக்கா. நம் ஊர் வசைச்சொற்கள் இன்றும் தெருவில் காயப்படுத்துகின்றன. 'பரா' இன்று எவர் மேலும் எறியப்படும் கல் அல்ல, உலகம் முழுக்கப் பல்லாயிரம் பேர் அன்போடு சொல்லும் சொல். காயம் ஆறிய இடத்தில் புதுத்தோல் வளர்ந்திருக்கிறது. அந்தத் தோலையும் உரிக்கச் சொல்கிறீர்கள். ஆனால் காயம்பட்டவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று தும்பை சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நெய்தல்

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு மறுபடியும் முதல் அத்தியாயத்தை எடுத்துப் படித்தேன். நாம் பேசிக்கொண்டிருப்பதற்கான பதில் அங்கேயே இருக்கிறது. சொல்கிறேன்.

யாயிச்சி மகளோடு தனியாக வாழும் தகப்பன். இறந்துபோன அவனுடைய இரட்டைச் சகோதரனின் கணவர், மைக் என்ற கனடா நாட்டுக்காரர், வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். மலை போன்ற உடம்பு, தாடி. கதவைத் திறந்த யாயிச்சியின் முகத்தில் இறந்தவரின் முகத்தையே பார்க்கிறார். தாங்கமுடியாமல் கட்டிக்கொள்கிறார். அடுத்த கட்டத்தில் யாயிச்சி ஒரு வசைச்சொல்லைக் கத்தி அவரைத் தள்ளுகிறான். அதற்கும் அடுத்த கட்டத்தில்தான் நமக்குப் புரிகிறது: அவன் தள்ளவில்லை, கத்தவும் இல்லை. அது அவன் மனத்துக்குள் நடந்தது. வெளியே மரியாதையாக நின்றுகொண்டிருக்கிறான். கதை முழுக்க தகமே இப்படித்தான் வரைகிறார். மனத்தில் எழுந்த சொல் ஒரு கட்டம், வாயில் வந்த சொல் அடுத்த கட்டம். இரண்டுக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில்தான் யாயிச்சி மெல்ல மெல்ல மாறுகிறான்.

ஒரு சொல்லை இவ்வளவு கவனமாகக் கையாளும் மனிதரின் கதைக்கு மேல், அவர் தேர்ந்தெடுக்காத சொல்லைத் தடித்த எழுத்தில் போட என்னால் முடியாது.

வெள்ளிவீதியின் வாதத்தில் இன்னொன்றும் எனக்கு உதவியது. தகமே அந்தச் சொல்லுக்கு விட்ட இடம், முரட்டு உடல்களின் காமக் கலைக்கு. இந்தக் கதை அதுவே இல்லை. 2014 முதல் 2017 வரை 'மாதாந்திர ஆக்ஷன்' என்ற பொது வாசகர் இதழில் வந்தது. கே வாசகர்களுக்கான இதழில் வரவில்லை. மைக்கின் உடல் மட்டும் பழைய தகமேயின் கையிலிருந்து வந்த உடல். சிறுமி கானா அந்த மார்பு முடியை வியந்து பார்க்கும் இடத்தில், 'ஜி-மென்' வாசகனுக்காக வரைந்த அதே கோடு ஒரு குழந்தையின் கண்ணுக்கு முன் வந்து நிற்கிறது. இந்த ஒரு பத்தி என் கட்டுரையில் இல்லாமல் போனது என் குறை. சேர்த்துவிடுகிறேன்.

தும்பை

சேருங்கள். அந்த வசைச்சொல்லை எப்படி மொழிபெயர்ப்பீர்கள்?

நெய்தல்

மொழிபெயர்க்கப் போவதில்லை. அது மனத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

வெள்ளிவீதி

நான் அந்தச் சொல்லை விடமாட்டேன், முன்பே சொன்னேன். என் அறையில், என் கோப்புறையில் அது 'பரா'வாகவே இருக்கும். ஆனால் இதழில் வேண்டாம். தகமேயின் பெயரோடு சேர்த்து வேண்டாம். தும்பை, சபு பற்றி நீங்கள் எழுதியதற்குப் பிறகு என்னால் வேறு மாதிரி சொல்லமுடியவில்லை.

பழைய தாள்

நெய்தல் அம்மா, வரியை எடுத்தாலும் ரோஜாவை ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். கட்டுரையின் நடுவில் எங்காவது நான்கு வரி எழுதுங்கள். பராசொகுவையும் அந்தப் பின்பக்க விளம்பரங்களையும் சொல்லுங்கள். ஏதோ ஒரு மாகாணத்தில் தனியாக இருந்த ஒருவர் தன் உயரத்தையும் எடையையும் எழுதிப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். அவருக்கு அந்தச் சொல் வசையாக இருந்திருக்காது.

நெய்தல்

ஐயா, எழுதிவிட்டேன். இன்று காலை ஆசிரியருக்கு அனுப்பினேன். துணைத்தலைப்பு இப்போது இப்படி இருக்கிறது: "கெங்கொரோ தகமேயின் கே மங்காவும் ஒரு ஜப்பானிய வீட்டின் வாசலும்." 'வாசல்' வெள்ளிவீதியிடமிருந்து எடுத்தது. ரோஜா ஐந்தாம் பக்கத்தில் வருகிறது, முள்ளோடும் பென்சில் கோட்டோடும். ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். 'பரா'வா 'பாரா'வா என்று மட்டும் கேட்டார், செங்கால்நாரை சொன்னதைச் சொன்னேன்.

வெள்ளிவீதி

இதழ் வந்ததும் எனக்கு ஒரு பிரதி வேண்டும். முகவரியைத் தனிமடலில் அனுப்புகிறேன். உறையில் போட்டு அனுப்பவேண்டாம், அட்டை தெரியட்டும்.